அண்ணாவின் அறைச் சாவி

சென்ற கிழமை சுபோதினியை வெள்ளவத்தை ஃப்ளாட்டின் பல்கனியில், கையில் போனோடு நிற்கவிட்டு வந்தோம். பாவம், அங்கேயே நிற்கிறாள் என்று நினைத்துவிடாதீர்கள். "வேல ஒண்டு ஈக்கி, வாறயா?" என்று பழைய சிநேகிதி நஸ்லா கேட்டதற்கு "யோசிச்சுச் சொல்லுறன்" என்றாளல்லவா, ஒரு கிழமையாக யோசித்தாள். யோசித்ததில் கறி இரண்டு தரம் அடிப்பிடித்தது. முடிவு மட்டும் வரவில்லை.

இந்தக் கிழமைதான் வந்து சேர்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. ஃப்ளாட் சுபோதினியுடையது அல்ல. லண்டனில் இருக்கும் அண்ணா பிரியந்தன் வாங்கியது. அதில் அம்மா பாலேஸ்வரியும் அவளும் இருக்கிறார்கள். கரண்ட், தண்ணீர், மீன், அம்மாவின் மருந்து, சுபோதினியின் தலைக்கு வைக்கும் எண்ணெய் வரை எல்லாம் அண்ணாவின் செலவு. அதற்குப் பதிலாக அம்மாவைத் தனியே விடக் கூடாது, அவ்வளவுதான். அதற்காகத்தான் கொள்ளுப்பிட்டியில் பார்த்த கணக்கு வேலையை அன்று விட்டாள். யாரும் விடு என்று மிரட்டவில்லை. மிரட்டியிருந்தாலாவது சண்டை பிடித்திருக்கலாம்.

இதே ஏற்பாட்டை அண்ணா முதலில் தங்கை உஷாந்தியிடம்தான் கேட்டார். "எனக்கு ஏலாது" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டு, கொட்டாஞ்சேனையில் மேல்மாடி அறை ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, பெண்களுக்குக் கார் ஓட்டப் பழக்கப் போய்விட்டாள் அவள். அக்காவுக்கும் தங்கைக்கும் கலியாணம் சரிவராமல் போன கதைகளை முன்பே சொல்லியாகிவிட்டது. இனி இன்றைய சனிக்கிழமைக்கு வருவோம்.

சனிக்கிழமை என்றால் அண்ணாவின் அறைக்குக் காற்றுக் காட்டும் நாள்.

வெள்ளவத்தையில் வெளிநாட்டுக்காரர் வாங்கிப்போட்ட ஃப்ளாட்டுகளில் இப்படி ஓர் அறை இருக்கும். இருப்பதிலேயே பெரிய அறை, கடல் பார்த்த ஜன்னல், ஏசி, உள்ளேயே குளியலறை. பூட்டிக் கிடக்கும். ஆவணியில் மூன்று கிழமை வீட்டுச் சொந்தக்காரர் வந்து படுப்பார். மிச்ச நாளெல்லாம் காவலுக்கு இருக்கிற தங்கையோ மச்சாளோ சின்ன அறையில் நெருக்கிக்கொண்டு கிடப்பார்கள். அதை யாரும் அநியாயம் என்று சொல்வதில்லை. வீடு அவர்களுடையதுதானே.

சுபோதினி சாமித்தட்டின் பக்கத்து ஆணியில் தொங்கிய சாவியை எடுத்து அறையைத் திறந்தாள். ஜன்னல் கம்பிகளில் உப்புப் பூத்திருந்தது. ஈரத்துணியால் துடைத்தாள். ஏசியைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டாள், ஓடாமல் கிடந்தால் பழுதாகிவிடும். கடைசியாகக் கட்டில். மெத்தையின் பொலித்தீன் உறை இன்னும் கழற்றப்படவில்லை. "கழட்டினா உப்புக் காத்துக்கு மெத்தை பழுதாப் போயிடும்" என்பது நிரோஷா அண்ணியின் கட்டளை. வரும்போது அதன் மேலேயே பெட்ஷீற் விரித்து, புரளும்போதெல்லாம் சரசரக்கச் சரசரக்கப் படுத்துவிட்டுப் போவார்கள்.

அந்தப் பொலித்தீனைத் துடைத்துத் துடைத்தே அதன் ஒவ்வொரு சுருக்கமும் சுபோதினிக்குப் பழக்கம். ஒருநாளாவது அதில் சரிந்திருப்பாளா? இல்லை. படுக்காதே என்று யாரும் சொல்லவும் இல்லை. சொல்லாமலே விளங்கிக்கொள்வதில் அவள் கெட்டிக்காரி.

ஹோலில் போன் அடித்தது. அவசரமாக வெளியே வந்து கதவைப் பூட்டினாள். சாவியை ஆணியில் மாட்ட நேரமில்லாமல் வீட்டுக்குப் போடும் சோட்டியின் பைக்குள் போட்டுக்கொண்டு போனை எடுத்தாள்.

நஸ்லாதான். பம்பலப்பிட்டியில் ஹஜ்ஜுக்கும் உம்றாவுக்கும் ஆட்களை அனுப்பும் ஒஃபிஸ் நடத்துகிறாள்.

"சுபோ, இண்டக்கி அந்திக்குள்ள ஒரு முடிவச் செல்லிரு. கிருலப்பனைல ஈந்து ஒரு புள்ள வந்து பாத்துட்டுப் போய்ட்டா. நல்ல புள்ளதான். ஆனா கணக்குக்கு எனக்கு ஒன்னத்தான் வேணும்."

"பின்னேரம் கட்டாயம் சொல்லுறன் நஸ்லா."

"போன கெழமயும் இதத்தானே சென்ன?"

சிரித்துக்கொண்டே வைத்துவிட்டாள் நஸ்லா. சுபோதினி மெல்லத் தலையைத் தூக்கி ஹோலின் மூலையைப் பார்த்தாள்.

அங்கே கமரா இருந்தது. பக்கத்து ஃப்ளாட்டில் களவு போன பிறகு அம்மாவின் பாதுகாப்புக்கென்று அண்ணா பூட்டுவித்தது. சும்மா பார்க்கிற கமரா அல்ல, பேசுகிற கமரா. "சுபோ, மழை வருது, பல்கனிக் கதவைச் சாத்து" என்று லண்டனிலிருந்து திடீரென்று கூப்பிடும். ஒருமுறை பக்கத்து வீட்டு ஜவாஹிறா மாமி வந்து கதைத்துக்கொண்டிருந்தபோது, "மாமி, சுகமா இருக்கிறீங்களோ?" என்று அது கேட்டதில் மாமி தேத்தண்ணியை மடியில் கொட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் வாசலோடு நின்று கதைத்துவிட்டுப் போய்விடுவார். அண்ணா நேரே பார்க்கும்போது அதில் ஒரு நீலப் புள்ளி எரியும். இப்போது எரியவில்லை. லண்டனில் விடியவில்லை.

வேலைக்குப் போகும் ஆசை நஸ்லாவால் வந்தது என்று நினைக்காதீர்கள். அது வியாழக்கிழமை, காலி ஊருக்குப் போகும் காலி வீதியில் வந்தது. மீன் பையோடு, வீதி கடக்கக் கடவையில் நின்றாள் சுபோதினி. எதிரே எல் போர்ட் மாட்டிய சின்னக் கார் ஒன்று நடு வீதியில் நின்றுபோய்விட்டது. பின்னால் பஸ்காரன்கள் ஹோர்னில் ஏறி இருந்துவிட்டார்கள். ஓட்டப் பழகும் பெண் வியர்த்து விறுவிறுத்துப் போயிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் கறுப்புக் கண்ணாடியோடு உஷாந்தி. "அவங்கள் அடிக்கட்டும், நீங்க ஆறுதலாக் கியரைப் போடுங்கோ" என்று சொல்லிவிட்டு, தலையைப் பின்னால் சாய்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாள். காலி வீதியே தன் பாட்டன் வீட்டு முற்றம் என்கிற மாதிரிச் சிரிப்பு.

மீன் தண்ணீர் காலில் சொட்டுவது தெரியாமல் சுபோதினி பார்த்துக்கொண்டே நின்றாள். சிரிப்பதற்கு இவள் யாரைக் கேட்கிறாள்? எந்த மூலையை நிமிர்ந்து பார்க்கிறாள்? வயிறு எரிந்தது.

பொறாமை என்று சொல்ல வெட்கமாக இருந்தால் வேறு பெயர் வைத்துக்கொள்ளலாம். சுபோதினி அதற்குக் கவலை என்று பெயர் வைத்திருந்தாள். "உஷாவை நினைச்சாக் கவலையாக் கிடக்கு அம்மா" என்று அடிக்கடி சொல்வாள். அம்மாவும் நம்பியவர் போலத் தலையாட்டுவார்.

மத்தியானம் அண்ணாவின் அழைப்பு வரும் நேரம். விளைமீன் குழம்பும் பொரியலும் மேசைக்கு வந்துவிட்டன. சுபோதினி போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து நிறுத்தினாள். லண்டன் குசினியில் பிரியந்தன் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றார்.

"அண்ணா, ஒண்டு கேக்கவேணும்."

"நானும் ஒண்டு சொல்லவேணும். நீ முதல் சொல்லு."

குளிக்கும்போதும் தேங்காய் துருவும்போதும் பாடமாக்கி வைத்திருந்ததை ஒரே மூச்சில் சொன்னாள். வேலை, நஸ்லா, ஒன்பது தொடக்கம் ஐந்து வரை, அம்மாவுக்கு ஒரு ஆள் வைக்கலாம், சமையலை விடியவே முடித்துவிடுவேன் என்று மூச்சு வாங்கினாள்.

"போவன். நல்லதுதானே," என்றார் பிரியந்தன்.

மறுத்தால் என்ன சொல்வது என்று நூறு பதில் வைத்திருந்தாள். ஓம் என்றால் என்ன சொல்வது என்று ஒன்றும் இல்லை.

"அப்ப... அம்மா?"

"அதுதான் நான் சொல்ல வந்தது. உஷா வாறாள். அவளின்ர வாடகை வீட்டுக்காரர் மகனுக்குக் கலியாணமெண்டு மேல்மாடியைத் திருப்பிக் கேக்கினமாம். அவளுக்கு வகுப்பு விடியவும் பின்னேரமும்தானே. நீ ஒஃபிசில நிக்கிற நேரம் அவள் வீட்டில நிப்பாள். எல்லாருக்கும் நல்லது. இண்டைக்கே கொஞ்சச் சாமானோட வாறனெண்டவள்."

சுபோதினியின் முகம் மலர்ந்தது. கடவுளே, இவ்வளவு லேசாக முடிகிற விஷயமா? அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அம்மா மீனின் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தார்.

"ஒண்டு, அந்த மாஸ்டர் றூமை அவளுக்குத் திறந்து விடு," என்றார் அண்ணா.

"உங்கட றூமையோ?"

"ஓம். தனி றூம் இல்லாட்டி வரமாட்டாளாம். கமராவும் வேண்டாமாம். நாளைக்கு ஆள் வந்து கழட்டுவார்."

"அண்ணி?"

"முதல் முகத்தை நீட்டினவதான். பிறகு ஓம் எண்டுட்டா. நாங்க வந்தா கல்கிசையில ஒரு ஹோட்டல்ல நிப்பம். மூண்டு கிழமைதானே."

வாயருகே கொண்டுபோன கவளத்தைத் திருப்பி வைத்தாள் சுபோதினி. "இவ்வளவு வருஷமும் நான் அம்மாவோட அந்தச் சின்ன றூமுக்குள்ளதானே அண்ணா..."

"நீ ஒருநாளும் கேக்கேல்லையே, சுபோ."

குத்தலாகச் சொல்லவில்லை மனுஷன். உண்மையாகவே ஆச்சரியப்பட்டுச் சொன்னார். அதுதான் கொடுமை. "சரி, வைக்கிறன், டொக்டரிட்ட போகவேணும்" என்று போய்விட்டார்.

சோற்றை அளைந்துகொண்டே இருந்தாள் சுபோதினி. கேட்டது கிடைத்துவிட்டது. வேலை கிடைத்தது, நாளையோடு கமராவும் போகிறது. காலையில் இதைச் சொல்லியிருந்தால் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்திருப்பாள். இப்போது நெஞ்சு முழுக்கப் புகை. ஓடிப்போனவள் ஒரு போன் எடுத்துக் கேட்டாள், கதவு திறந்துவிட்டது. ஓடாமல் நின்று துடைத்தவளுக்குப் பொலித்தீன்! வெளியே போய்ச் சிரிக்கவும் அவளுக்குத்தான் கொடுத்துவைத்தது, வந்து படுக்கப் பெரிய கட்டிலும் அவளுக்குத்தான். எனக்கென்று என்ன இருக்கிறது?

"சாப்பிடன் பிள்ளை, ஆறுது," என்றார் அம்மா.

"பசியில்லை."

பின்னேரம் இன்ரர்கொம் அலறியது. கீழே நிற்கும் செக்யூரிட்டி, "மிஸ், நங்கி ஆவா!" என்றார், தங்கச்சி வந்துவிட்டாள் என்று அவருக்கே சந்தோஷம். உஷாந்தி யாரோடும் இரண்டு நிமிஷத்தில் சிநேகிதமாகிவிடுவாள். அதையும் சுபோதினி ஒரு குற்றமாகக் குறித்துக்கொண்டாள்.

பெரிய பை ஒன்றை இழுத்துக்கொண்டு லிஃப்டிலிருந்து இறங்கியவள் நேரே மேசைக்கு வந்தாள்.

"அக்கா, சோறு கிடக்கோ? விடியத் திண்ட பணிஸ்தான்."

சுபோதினி சோற்றுக் கோப்பையை வைத்தாள். உஷாந்தி சாப்பிட்ட விதத்தைப் பார்த்தால் ஒரு கிழமைப் பசி போல இருந்தது. பொரித்த மீனின் தலையைக்கூட விடவில்லை. கிட்டப் பார்த்தால் ஆள் கறுத்து மெலிந்திருந்தாள். கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் இது தெரியவில்லை.

"எனக்கு உன்னில எவ்வளவு எரிச்சல் தெரியுமோ அக்கா?" என்றாள் திடீரென்று.

"என்னிலயோ?"

"பின்ன? மழை பெய்தா என்ர றூமுக்குள்ள வாளி வைக்கவேணும். காய்ச்சலெண்டு படுத்தா ஒரு பிளேன்ரீ ஊத்தித் தர ஆளில்லை. அந்த நேரமெல்லாம் உன்னைத்தான் நினைப்பன். அவள் இப்ப கடல் காத்து வாங்கிக்கொண்டு, அம்மாவுக்குப் பக்கத்தில, மீன் பொரிச்சுத் திண்டுகொண்டு இருப்பாளெண்டு. வயிறு பத்தி எரியும்."

அடி பாவி, நானும்தான் என்று சுபோதினிக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. வியாழக்கிழமை உன்னைக் கண்டு நான் பட்ட பாடு உனக்குத் தெரியுமா என்று கேட்டிருந்தால், இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுதிருப்பார்கள், இந்த அத்தியாயமும் இங்கேயே சுபமாக முடிந்திருக்கும். ஆனால் உஷாந்தி கையைக் கழுவிவிட்டு வந்து நின்றாள்.

"சரி, சாவியைத் தா. அந்தப் பொலித்தீனை முதல் கிழிச்சு எறியவேணும்."

என்ன சொன்னாள்? கிழிச்சு எறியவேணுமாம். எத்தனை சனிக்கிழமை குனிந்து நிமிர்ந்து துடைத்த பொலித்தீன்! ஒரு சுருக்கம் கலையாமல் காத்தது, இவள் வந்து ஒரே இழுவையில் கிழிக்கவா?

"சாவியைக் காணேல்லை," என்றாள் சுபோதினி.

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே தெரிந்தது. சோட்டிப் பைக்குள் சாவி தொடையில் இடித்துக்கொண்டிருந்தது.

"காணேல்லையோ? எங்க வைக்கிறனி?"

"ஆணியிலதான். காலமையிலயிருந்து காணேல்லை."

தேடல் தொடங்கியது. உஷாந்தி மேசை லாச்சிகளை இழுத்துத் திறந்தாள். சாமித்தட்டின் விபூதிச் சட்டிக்குள் பார்த்தாள். கதிரை மெத்தைகளைப் புரட்டினாள். அவளோடு சேர்ந்து சுபோதினியும் தேடினாள், அதுவும் மும்முரமாக. குனிந்து கட்டிலுக்கு அடியில்கூடப் பார்த்தாள். நிமிர்ந்தபோது அம்மாவின் கண் அவளுடைய சோட்டிப் பையின் தொங்கலில் நின்றது. அம்மா போய்த் தன் கதிரையில் இருந்துகொண்டார்.

சுபோதினிக்கு விஷயம் விளங்காமல் இல்லை. அறை இல்லையென்றால் உஷா நிற்கமாட்டாள். உஷா நிற்காவிட்டால் அம்மாவுக்கு ஆளில்லை. அம்மாவுக்கு ஆளில்லாவிட்டால் நஸ்லாவின் ஒஃபிஸ் கதிரையில் கிருலப்பனைப் பிள்ளை இருக்கும். தன் வேலையைத் தானே பைக்குள் போட்டு வைத்திருக்கிறாள். தெரிந்தும் கை பைக்குள் போக மறுத்தது.

"அண்ணாவைக் கேப்பம், வேற சாவி இருக்கும்," என்று உஷாந்தி போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"இருக்கு, இங்க லண்டனில. என்ன பிரயோசனம்?" என்றார் பிரியந்தன். "பொறு பொறு. அவள் காலமை றூமைத் திறந்தவள்தானே? கமராவில பதிஞ்சிருக்கும், பாத்தா எங்க வச்சவளெண்டு தெரிஞ்சுபோகும். ஒரு நிமிஷம் நில்லுங்கோ."

உஷாந்தி சிரித்தாள். "கடைசி நாளிலயாவது அந்தச் சனியன் ஒரு உதவி செய்யட்டும்."

சுபோதினி மூலையைப் பார்த்தாள். கதவைப் பூட்டியது, சாவியைப் பைக்குள் போட்டது, நஸ்லாவோடு கதைத்தது எல்லாம் அந்தக் கண்ணுக்கு நேரேதான் நடந்தது. இப்போதும் ஒரு வழி இருந்தது. "ஐயோ, இஞ்ச பையுக்குள்ளயே கிடக்கு, மறந்துபோனன்" என்று தலையில் அடித்துக்கொண்டால் எல்லோரும் சிரிப்பார்கள். சாவி கை மாறும். திங்கட்கிழமை வேலைக்குப் போகலாம்.

மூலையில் நீலப் புள்ளி எரிந்தது.

சுபோதினி நடந்து போய் அதற்கு நேர் கீழே நின்றாள். பைக்குள் கையை விட்டாள். சாவியை எடுத்து, கமராவுக்குத் தெரியும்படி உயர்த்திப் பிடித்தாள்.

"தேட வேண்டாம் அண்ணா. சாவி என்னட்டத்தான் கிடக்கு. நான் பொய் சொன்னனான்."

உஷாந்தி லாச்சியைத் தள்ளி மூடினாள்.

"குடுக்க எனக்கு மனமில்லை. அவளுக்கெண்டவுடன வயிறு எரியுது. பொறாமைதான், வேற ஒண்டுமில்லை." உயர்த்திய கையைத் தாழ்த்தாமலே சொன்னாள். "நீ கேக்கேல்லையே எண்டனீங்கள். இப்ப கேக்கிறன். அந்த றூம் எனக்கு வேணும்."

நீலப் புள்ளி எரிந்துகொண்டே இருந்தது. "சுபோ..." என்றது கமரா.

"நல்லாயிருக்கு," என்றாள் உஷாந்தி. கோபப்படுவாள் என்று பார்த்தால் குரல் உடைந்திருந்தது. "எனக்கு வாற மாசம் இருக்க இடமில்லை அக்கா. அதுக்காக அம்மாட றூமில மூண்டாவது ஆளா நெருக்கிக்கொண்டு கிடக்க என்னால ஏலாது. ஏலுமெண்டா அண்டைக்கே வந்திருப்பன்." பையின் கைபிடியை இழுத்து நிமிர்த்தினாள்.

சுபோதினி சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். தங்கையைப் போ என்று சொல்லவும் முடியவில்லை, நில் என்று சொல்லவும் முடியவில்லை.

அப்போது சோட்டிப் பைக்குள் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தாள். நஸ்லா.

ஒரு கையில் சாவி, மறு கையில் போன். அடித்துக்கொண்டே இருந்தது.

"எடன் பிள்ளை," என்றார் அம்மா கதிரையில் இருந்தபடி. "அவளுக்கு என்ன சொல்லப்போறாயெண்டு நானும் கேக்கிறன்."